555 புத்தகத்தில் ஒரு பக்கம்

காலை ஆறேகாலுக்குக் கடைக்காரர் இரும்புக் கதவை மேலே தள்ளுவார். அந்தக் கரகரப்பு எழுந்த சற்று நேரத்தில் எதிர்க் கோடி வீட்டின் சமையலறையில் விளக்கெரியும். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் ஒரு பழைய பெஞ்சு. அதில் ஒரு நாளிதழ், ஒரு கிளாஸ் தே ஓ, நான். ஓய்வு பெற்ற பின் என் காலைகள் இங்கேதான் போகின்றன. யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. பார்ப்பேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வீடு எது, நடத்துகிறவர்கள் யார், உள்ளே இருக்கிறவர்களின் பெயர் என்ன என்பதை எழுத மாட்டேன். அவர்களுடைய நிம்மதி எனக்குப் பெரிது.

ஊர் மலேசியாவின் அசாம் ஜாவா. தலைநகரின் வடக்குப் பக்கத்திலிருந்து மேற்கே வரும் லத்தார் நெடுஞ்சாலை எங்கள் பக்கத்தில்தான் முடிகிறது. 2011-இல் அது திறந்ததிலிருந்து, குவாலா சிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள் எங்களை வேகமாகக் கடந்து போகிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் மட்டும் பழைய பாதையில், பழைய வேகத்தில், பழங்களைச் சிந்திக்கொண்டு போகின்றன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டம். 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே போட்டது. பால்மரக் காடாக இருந்த சீமை நூறே ஆண்டில் முழுக்கச் செம்பனையாகிவிட்டது.

அசாம் ஜாவா என்றால் மலாயில் புளி. ஜாவாவின் புளிப்பு என்பது சொல்லுக்குச் சொல் பொருள். அரபிகள் அதையே இந்தியாவின் பேரீச்சை என்றார்கள். மரமோ ஆப்பிரிக்காவில் பிறந்தது. போன இடமெல்லாம் வேறோர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு, போன இடமெல்லாம் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது. இந்தப் பெயரை எத்தனையோ ஆண்டுகளாகப் பலகையில் பார்த்துவருகிறேன். எதிர்வீட்டுப் பெண்கள் வந்த பிறகுதான் அதைப் பற்றி யோசித்தேன்.

அவர்கள் வந்தது போன ஆண்டுத் தைப்பூசம் முடிந்த வாரம். வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பை. ஐம்பது, அறுபது வயது வாழ்ந்த ஒருவரின் உடைமை எல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிடுவதைப் பார்க்க நெஞ்சு என்னவோ செய்தது. பின்னாலேயே ஒரு அக்சியா காரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவள்தான் அவர்களுக்குத் துணை. ஐவரும் அவளை “மிஸி” என்றே கூப்பிட்டார்கள். அவள் தாதி இல்லை, சீருடையும் இல்லை. ஆனால் நெடுங்காலம் வார்டில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற இளம்பெண் யாராக இருந்தாலும் மிஸிதான்.

பெயர் தெரியாததால் நானே அடையாளம் வைத்துக்கொண்டேன். மூத்தவர். வானொலிக்காரர், மின்னல் எஃப்எம் இல்லாமல் அவர் இல்லை. துடைப்பக்காரர், முற்றத்தில் ஓர் இலை விழ விடமாட்டார். சின்னவள், முப்பத்தைந்து இருக்கும். அப்புறம் வாசல்காரர்.

வாசல்காரரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வந்த முதல் நாளே வாசல் இரும்புக் கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பூட்டு இல்லை. கொக்கிகூடப் போட்டிருக்கவில்லை. காற்றடித்தால் அதுவாகவே திறக்கும். திறந்தால் அவர் இரண்டடி பின்வாங்குவார். காற்று நின்றதும் மறுபடி சாத்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார்.

மூத்தவரின் பழக்கம் வேறு. விடிகாலை ஐந்துக்கு முன்பே தலையில் துணி கட்டி, கையில் போத்தலோடு முற்றத்தில் வந்து நிற்பார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது: பெரட்டுக்கு. தோட்டத்தில் பெயர் கூப்பிடுகிற நேரம் அது. அந்தத் தோட்டம் இப்போது எந்தத் தாமான் குடியிருப்புக்கு அடியில் கிடக்கிறதோ! அவர் உடம்புக்குள் இன்னும் தண்டல் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தோட்டத்தில் பிறந்தவன். அந்த நிற்பை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

தோட்டத்து லயத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினார். அவர் கத்தியைக் கீழே வைத்த சில மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வீடு இல்லாமல் போவது எங்கள் சனத்தில் குடியினாலும் நோயினாலும் மட்டும் வந்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டதால் வந்தது, துண்டாடப்பட்டதால் வந்தது. வட சிலாங்கூரிலேயே மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் தங்களுக்கென்று வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தன. 2023-இல்தான் அந்த வீடுகளுக்கு அடிக்கல் விழுந்தது. நல்ல நெஞ்சுரம் உள்ளவனையே அப்படியொரு காத்திருப்பு உலுக்கிவிடும். மனம் ஏற்கெனவே தளர்ந்திருந்த பெண், லயம் போன அன்று எங்கே போயிருப்பாள்? அவளை அடையாளம் தெரிந்த கோயில், கடை, ஆயாக்கொட்டகை எல்லாம் ஒரே மாதத்தில் இல்லாமல் போயிருக்கும். பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டு எங்கேயோ சேர்க்கப்பட்டிருப்பாள்.

அந்த ‘எங்கேயோ’வுக்கு எங்கள் சிறுவயதில் ஒரே பெயர்தான்: தஞ்சோங் ரம்புத்தான். பேராக்கில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் பஹாகியா, மகிழ்ச்சி. எங்களுக்கோ அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையை அந்தப் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். அங்கே குணமானவர்கள் உண்டு. குணமான பிறகும் கூட்டிப்போக ஆளில்லாமல் அங்கேயே வயதானவர்களும் உண்டு. “பத்தொன்பது வருஷம்,” என்று மூத்தவர் ஒருநாள் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம், மக்சிக்கிடம், மலாயில் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, மக்சிக்கும் கேட்கவில்லை. ஒரு தட்டில் குவே பலகாரம் வந்தது. நோன்பு மாதம் அது. தெருவில் அந்த வீட்டுக்கு முதலில் போன பண்டம் அந்தக் குவேதான். தமிழர் வீடு ஏழு இருக்கிறது எங்கள் தெருவில். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்த்துக்கொண்டிருந்ததோடு நிற்கவில்லை. சித்திரை வாக்கில் தெருக்கூட்டம் ஒன்று போட்டார்கள். “நல்ல காரியந்தான். வேணாம்னு சொல்லல. ஆனா இங்க எதுக்கு?” என்றார் ஒருவர். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார் இன்னொருவர். வீட்டு விலை இறங்கிவிடும் என்றது ஒரு குரல். மிஸி எழுந்து, நடுங்கும் குரலில், அவர்கள் மாதா மாதம் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வதையும், யாரிடமும் இதுவரை சத்தம்கூடப் போட்டதில்லை என்பதையும் சொன்னாள். பிறகு மக்சிக் எழுந்தார். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “அவங்க என் பக்கத்து வீட்டுக்காரங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டம் அதோடு கலைந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். எனக்குச் சொல்ல இருந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு வாய் மூடியிருந்தது என் தவறு. இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றித் தேடிப் படித்தேன். சென்னையில் 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ‘தி பேனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காகத் தொடங்கியது. பேனியன் என்றால் ஆலமரம். குணமாகி ஊருக்குத் திரும்ப முடிந்தவர்கள் திரும்பினார்கள். திரும்ப வீடில்லாதவர்கள் விடுதியிலேயே தங்கிப் போனார்கள். அவர்களுக்காக 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்றொரு வழி கண்டார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுப்பது. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பது. என்ன சமைப்பது, எப்போது படுப்பது, எந்தச் சேனல் பார்ப்பது எல்லாம் அவர்கள் முடிவு. துணைக்கு ஆள் உண்டு, ஆளுக்குத் தக்க அளவில். தமிழ்நாட்டில் ஏர்வாடியையும் பார்த்தவர்கள் நாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். ஒரே தலைமுறைக்குள் சங்கிலியிலிருந்து வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்றால், அதைச் சிலர் சேர்ந்து நகர்த்தியிருக்கிறார்கள். மலேசியாவிலும் அதே 2001-இல்தான் மனநலச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2010 ஆனது. மருத்துவமனைக்கு வெளியே, ஊருக்குள்ளேயே பராமரிப்புத் தர அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

முதலில் ஒழுங்காகு, அப்புறம் வீடு தருகிறேன் என்பது பழைய முறை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, மற்றதெல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்தபடி. 2008-இல் பின்லாந்து அதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் வியப்பில்லை. மனிதனை மனிதனாக்குவது அடுப்பும் வாசலும் என்று எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

கோடி வீட்டுக்கு வருகிறேன்.

முதல் மூன்று மாதம் மிஸியின் கார் இரவெல்லாம் அங்கேயே நின்றது. பிறகு மாலை ஆறு மணிக்குக் கிளம்பத் தொடங்கினாள். கிளம்பிய முதல் மாலை ஐவரும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். கார் முனை திரும்பியது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, தெருக்கோடியில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் நின்றது. வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. பெஞ்சில் இருந்த எனக்குத் தெரியும். பின்பு வாரத்தில் நாலு நாள் வந்தாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். இந்தக் குறைப்பில் இருக்கிற நுணுக்கத்தை நான் மாதக்கணக்கில் பார்த்தேன். சைக்கிள் பழக்குகிற அப்பன் எப்போது சீட்டிலிருந்து கையை எடுத்தான் என்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது.

அவள் வந்த நாட்களில் நடந்தது எல்லாம் சிறு சிறு வேலை. சின்னவளைத் தேசியப் பதிவுத் துறைக்குக் கூட்டிப் போய் அடையாள அட்டை எடுத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டுக்கு விண்ணப்பம் போட்டது. வங்கியில் கணக்குத் திறந்தது. மூத்தவருக்குக் கேஸ் அடுப்பின் குமிழைப் பத்து முறை திருப்பிக் காட்டியது. தண்ணீர் பில்லும் மின்சாரப் பில்லும் வந்தால் ஐவரையும் மேசையில் உட்காரவைத்துப் பங்கு போட்டது. வீட்டு நிர்வாகம் என்று நாம் யோசிக்காமலே செய்கிற இதை, எல்லாமே தட்டில் வந்து சேர்ந்த இடத்தில் இருபது வருடம் கிடந்தவர் மறந்துவிடுகிறார். அது நோய் கிடையாது. பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவே.

ஆறாம் மாதம் வானொலி நின்றது.

காலை ஏழு மணிக்குத் தவறாமல் கேட்கிற பாட்டு கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகக் கடைக்காரரிடம் மிஸி சொன்னாள். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் நிறுத்தியிருக்கிறார். “அப்ப அந்தக் கட்டில்ல வேற ஆள் வருமா?” என்று கடைக்காரர் கேட்டார். “இல்லண்ணே. அது அவங்க கட்டில்,” என்றாள். மூன்று வாரம். துடைப்பக்காரர் அந்த அறை ஜன்னல் திரையைத் துவைத்துக் காயப்போட்டதைப் பார்த்தேன். வானொலியைக்கூட வெளியே கொண்டுவந்து துடைத்தார். யாரும் அதைப் போடவில்லை. நாலாம் வாரம் திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பாட்டு கேட்டது. கடைக்காரர் அரிசி அளந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தி எதிர்ப்பக்கம் பார்த்தார்.

தவறினால் வெளியே போ என்கிற இல்லங்கள் நிறைய உண்டு. விழுகிறவன் விழும்போதுதானே பிடிக்க வேண்டும்? அந்தக் கட்டிலைக் காலியாகவே வைத்திருந்த மூன்று வாரத்தைவிடப் பெரிய வைத்தியத்தை நான் பார்த்ததில்லை.

சின்னவள் இப்போது அங்கே இல்லை. டோபிக் கடை ஒன்றில் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். வாசல் கதவை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள், மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று பேருந்துக்கு நடக்கலானாள். பிறகு புக்கிட் ரோத்தானில் வேலைத் தோழியோடு ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். போன அன்று அவளிடம் மூன்று பை, ஒரு மின்விசிறி, ஒரு துளசித் தொட்டி. ஞாயிறு காலை வருவாள். ஐவரும் சேர்ந்து பசியாறுவார்கள். அவள் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

மூத்தவர் எங்கும் போகப் போவதில்லை. அவர் வயதில் இன்னொரு வீட்டைப் பழகச் சொல்வது கொடுமை. இத்தனை மாதத்தில் வெளியேறிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே கெடு வைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிலருக்கு அந்த வீடு பாலம். சிலருக்கு அதுவே கரை. இப்போதெல்லாம் அவர் ஐந்து மணிக்கு எழுவதில்லை. ஆறேகாலுக்குக் கடைக்கதவு சத்தத்துக்குத்தான் விளக்கெரிகிறது. தலைத்துணி கொடியில் காய்கிறது.

வாசல்காரர் கதவுக்கு வெளியே கால் வைத்தது ஆனி மாதம். ஒரு கால்தான். மற்றொரு கால் உள்ளேயே இருந்தது. அப்படியே அரை மணி நேரம் நின்றார். பின்னர் சாக்கடை விளிம்புவரை. அங்கே ஒரு மாதம். ஒருநாள் பள்ளிப்பிள்ளை ஒன்று சைக்கிளில் போகும்போது “பைத்தியம்” என்று கத்திவிட்டுப் போனது. உள்ளே போனவர் பதினாறு நாள் முற்றத்துக்கே வரவில்லை. எண்ணினேன். பதினேழாம் நாள் மூத்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்தார். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் மூத்தவர் கதவைத் திறந்து வெளியே வந்து, சாக்கடை விளிம்பில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

தீபாவளிக்கு முன்னே சாலையின் பாதி. மிஸியை எல்லாரும் “தங்கச்சி” என்று கூப்பிடத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். யார் முதலில் மாற்றினார்கள் என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

எங்கள் கடையில் மைலோ டின்னுக்குள் சின்னச் சின்ன 555 புத்தகங்கள் அடுக்கியிருக்கும். அட்டையில் ஒவ்வொரு வீட்டுப் பெயர். கடனுக்குச் சாமான் வாங்கி மாசக் கடைசியில் தீர்க்கிற கணக்கு. தோட்டத்தில் சம்பளமே கடைக்காரன் புத்தகத்தில்தான் போகும் என்பார்கள். அதில் நிறைய அநியாயமும் நடந்திருக்கிறது. ஆனாலும் புத்தகத்தில் பெயர் இருப்பது ஓர் அந்தஸ்து. நாளைக்கும் நீ இங்கேதான் இருப்பாய் என்று ஒருவர் நம்புகிறார். கோடி வீட்டுக்கு அந்த டின்னில் புத்தகம் இல்லை. ரொக்கம்தான்.

மார்கழி ஐந்தாம் தேதி, காலை ஏழரை. வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசல்காரர் கதவைத் திறந்தார். சாக்கடை விளிம்பு, பாதிச் சாலை, முழுச் சாலை. ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, நின்று வழிவிட்டுப் போனது. அஞ்சடியில் ஏறினார். என்னைத் தாண்டித்தான் கடைக்குள் போக வேண்டும். நான் நாளிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓர் எழுத்தும் படிக்கவில்லை.

“புளி,” என்றார். “ஒரு பொட்டலம்.”

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வாசல்காரர் கையை விரித்தார். உள்ளங்கையில் இரண்டு ஒரு வெள்ளி நோட்டுகள், வியர்வையில் நனைந்து மடங்கியிருந்தன. விலை அதற்கு மேல். அவருக்கு முகம் வெளுத்தது. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

“எங்க போற அக்கா? நில்லு,” என்றார் கடைக்காரர். மைலோ டின்னுக்குப் பின்னாலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பேனாவை உதறினார். “பேரு என்ன?”

பத்து மாதமாக நான் அறியாத பெயரை அவர் சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்து, பெரட்டில் பதில் சொல்கிற மாதிரி, முழுசாக. கடைக்காரர் அட்டையில் எழுதி, அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“மாசக் கடைசியில தரேண்ணே.”

“சரிக்கா.”

அன்று மத்தியானம் கோடி வீட்டிலிருந்து ரசம் தாளிக்கிற வாசனை வந்தது. மாசக் கடைசியில் அவரே வந்து கணக்கைத் தீர்த்தார். தை பிறந்து மறுபடி தொடங்கிய பக்கத்தில், நேற்றுவரை அவர் பாக்கி 4 வெள்ளி 60 சென்.